கொக்கியில் தொங்கிய கோட்டு

கொக்கியில் கோட்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை. தொங்கவில்லை என்றால் உள்ளே ஆள் இருக்கிறான், கதவுக்காரன் இடத்தை விட்டு நகரக் கூடாது. மீன் பதப்படுத்தும் அந்தக் கம்பெனியில், மீனை உறைய வைக்கும் உறை அறைக்கென்று இருந்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அதுதான். சுவரில் ஒட்டியிருந்த விதிகளை யாரும் படித்ததில்லை. ஆனால் கொக்கியைப் பார்க்காமல் யாரும் கதவைச் சாத்தியதும் இல்லை.

கதவுக்கு உள்பக்கமும் ஒரு கைப்பிடி இருந்தது ஒரு காலத்தில். பனி ஏறி இறுகிப்போய், யாரோ சுத்தியலால் தட்டப்போக, கையோடு வந்துவிட்டது. புதுசு வரும் என்றார் சூப்பர்வைசர். வரவில்லை. அதற்குப் பதிலாகக் கதவுக்காரன் வந்தான்.

அந்தக் கதவுக்காரன், அங்கேயே வேலை பார்க்கும் ஒருத்தியின் தம்பி. கம்பெனியில் அவனுக்குப் பெயர் 'சாவி'. உள்ளே போய்ப் பெட்டிகளை அடுக்கி வருகிறவன் அவளுடைய புருஷன். தடித்த பஞ்சுக் கோட்டும் காது மூடிய குல்லாவுமாக வாயில் ஆவி பறக்க அவன் வெளியே வருவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர் 'கரடி'. அவள் வெளிக்கூடத்தில் ரப்பர் பூட்ஸோடு ஈரத்தரையில் நின்று, மீனைத் தரம் பிரித்துத் தட்டில் அடுக்குகிறவள். ஆகவே 'கரடி வீட்டம்மா' என்ற பட்டம் தானாகவே அவளுக்கு வந்து சேர்ந்தது.

"மூணு பேரும் ஒரே இடத்துல. ஒருநாள் கம்பெனியையே எழுதி வாங்கிடப் போறீங்க" என்பாள் பக்கத்து மேஜைக்காரி.

"கதவு எங்க தம்பிகிட்ட. குளிரு எங்க வீட்டுக்காரர்கிட்ட. மீன் ஒண்ணுதான் பாக்கி" என்பாள் இவள்.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே கரண்ட் போய், கம்ப்ரஸர் நின்றுவிட்டது. அந்த இரைச்சலுக்கு மேல் கத்தியே பேசிப் பழகியவர்கள், திடீரென்று தங்கள் குரலைத் தாங்களே கேட்டு வெட்கப்பட்டார்கள். ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும்தான் தாங்கும். உள்ளே டன் கணக்கில் மீன். சூப்பர்வைசர் நாலு பக்கமும் போன் போட்டு, ஒரு வேன் நிறைய டிரை ஐஸ் கொண்டுவந்து இறக்கினார்.

டிரை ஐஸ் உருகித் தண்ணீர் ஆகாது. வெள்ளைப் புகையாகப் போகும். கனமான புகை. தரையோடு தவழ்ந்து, மூடின அறையில் முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஏறும். மூச்சுக்காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கதவை அகலத் திறந்து புகையை வெளியே விட்டபிறகுதான் ஆள் போகவேண்டும். ஆனால் கதவைத் திறந்தால் குளிர் போகும், குளிர் போனால் மீன் போகும்.

"ரொம்ப நேரம் திறந்து போடாதீங்கப்பா" என்றார் சூப்பர்வைசர். அவர் கவலை அவருக்கு.

அவளுக்கு முதல்நாளிலிருந்தே காய்ச்சல். மீன் தட்டைத் தூக்கும்போது பல் கிடுகிடுத்தது. கரடி அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"லீவு போடுன்னு சொன்னேன்ல."

"போன வாரம் முதுகு புடிச்சப்ப நீங்க போட்டீங்களா?"

"எனக்கு முதுகு. உனக்கு காய்ச்சல்."

"ரெண்டும் ஒரே உடம்புலதான் வருது."

அவன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். அது அவள் முழங்கால்வரை தொங்கியது. மீன் நாற்றமும் அவன் வியர்வையும் கலந்த வாடை.

"உங்களுக்கு?"

"அடுத்த லோடு சாப்பாட்டுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் கொஞ்ச நேரம் மனுஷனா இருக்கேனே."

மேஜைக்காரிகள் சிரித்தார்கள். அவன் வாயிலிருந்து அவள் கேட்ட கடைசி வாக்கியம் அது.

சாப்பாட்டு மணி அடித்ததும் கோட்டைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. அந்தக் கோட்டின் இடம் கொக்கி. போகிற போக்கில் மாட்டினாள். உறை அறைக் கதவு புகை போவதற்காக ஒருக்களித்துத் திறந்திருந்தது. பக்கத்தில் தம்பி நின்றிருந்தான்.

"சாவி, வாடா. ரொட்டி ஆறிப்போகுது. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்து நில்லு."

அவன் கொக்கியைப் பார்த்தான். கோட்டு தொங்கியது. குதிகாலால் கதவைத் தள்ளிச் சாத்தி, தாழ் போட்டுவிட்டு அக்கா பின்னால் நடந்தான்.

அதற்குச் சற்று முன்னால் தம்பி கை கழுவப் போயிருந்த நேரத்தில், கொஞ்சம் உள்தள்ளிச் சரிந்திருந்த அடுக்கு ஒன்றைச் சரி செய்ய, ஒரே நிமிஷ வேலைதானே என்று, சட்டையோடு உள்ளே போயிருந்தான் கரடி. அதை யாரும் பார்க்கவில்லை.

"மாமா எங்கக்கா?" சாப்பிடும்போது தம்பி கேட்டான்.

"ஜெனரேட்டர் பக்கம் போயிருப்பார். அவருக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

பிறகு லாரி வந்ததால் உறை அறை லோடு தள்ளிப்போனது. தம்பி சரக்கு இறக்கப் போனான். அவள் மீண்டும் மேஜைக்கு. வெயில் கூரைத் தகரத்தில் ஏறி மேற்குப் பக்கம் இறங்கியது. கை கழுவப் போனவள் அவனுக்கு எடுத்து வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவைத் தற்செயலாகத் திறந்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும் தொடாமல் அப்படியே இருந்தன.

பசி தாங்காத மனுஷன். மணி அடிப்பதற்கு முன்பே டப்பாவை முகர்ந்து பார்க்கிறவன்.

அவள் ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்துத் தம்பியும் ஓடிவந்தான். கதவுக்கு முன்னால் இருவரும் ஒரு கணம் நின்றார்கள். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் இல்லை. தாழைத் திறந்ததும் வெள்ளைப் புகை அவர்கள் கால்களைச் சுற்றிக்கொண்டு வெளியே வழிந்தது.

கதவிலிருந்து தள்ளி, அடுக்கு ஓரமாகக் குப்புறக் கிடந்தான். புருவமெல்லாம் பனி. மார்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு மீன் பெட்டி. இரண்டு கைகளும் அதைப் பிடித்தபடியே இருந்தன.

*

ஆம்புலன்ஸில் வந்தவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே கேட்டான். "எப்ப உள்ள போனார்? கடைசியா எப்ப சத்தம் கேட்டீங்க?"

"தட்டினாருங்க" என்றான் தம்பி. "தட்டற சத்தம் கேட்டுத்தான் திறந்தேன்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வெள்ளைச் சாயம் பூசியது, அதில் பார்க்க எதுவும் இல்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு ஜோடி வெள்ளை ஷூ குதிகால் தூக்கித் தூக்கி அமுக்கும். களைத்ததும் விலகும். இன்னொரு ஜோடி வந்து நிற்கும். அவள் பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஷூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"தட்டினார்னு."

"தட்டியிருக்கலாம்ல. லாரி இரைச்சல்ல நமக்குக் கேட்டிருக்காது."

"கேட்டுத்தான் திறந்தேன்னு சொன்னியே."

தம்பி தன் உள்ளங்கையைப் பார்த்தான். தாழ் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. "அக்கா, அந்த ஆளு அமுக்கிட்டே கேக்கறாரு. சத்தமே வரலைன்னு சொன்னா கையை எடுத்துடுவாரோன்னு பயந்துட்டேன். வாய்ல வந்துடுச்சு."

"அதுக்காகத்தானா?"

அவன் உள்ளங்கையை மூடிக்கொண்டான்.

"அதுக்காகவும்தான்" என்றான்.

சூப்பர்வைசர் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து சேர்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"தைரியமா இரும்மா. பெரிய ஆஸ்பத்திரி. பார்த்துக்குவாங்க. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்க. டிரை ஐஸ் பேச்சை இங்க எடுக்க வேணாம்."

"ஏன் சார்?"

"அது எதுக்கு டாக்டருக்கு? குளிர்னா குளிர். நீ பாட்டுக்கு அதையும் இதையும் சொல்லி, போலீஸ் வந்து, கதவு யார் பொறுப்புன்னு கேட்டா யாரும்மா நிப்பா? உன் தம்பிதான் நிப்பான். நான் உனக்காகத்தான் சொல்றேன்."

பழப்பையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார். அது கனமாக இருந்தது.

திரை விலகியது. டாக்டர் வெளியே வந்தாள். ஒல்லியான பெண், முடியைக் கிளிப் போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தாள், கழுத்தெல்லாம் வியர்வை. அவளும் அமுக்கியிருக்கிறாள் என்று தெரிந்தது.

"நீங்கதானே வீட்டுக்காரம்மா? உக்காருங்க, உக்காருங்க. நானும் உக்காந்துக்கறேன்." பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நேராவே சொல்லிடறேன். இதயம் துடிக்கலை. உடம்பு சூடு இருபத்தி நாலு டிகிரிக்கு இறங்கியிருக்கு. நமக்கெல்லாம் முப்பத்தேழு இருக்கும்."

"செத்துட்டாரா?"

"அதைத்தான் நான் கண்டுபிடிக்கணும். வேற ஒருத்தரா இருந்தா இந்நேரம் நிறுத்தியிருப்போம். குளிர்ல நின்ன இதயம் வேற கணக்கு. உடம்பு முதல்ல குளிர்ந்து, அப்புறம் இதயம் நின்னுதுன்னா, மூளை கெடாம தூங்கிட்டு இருக்கும். அப்படிப்பட்டவங்க மணிக்கணக்கா அமுக்கினதுக்கு அப்புறம்கூட எழுந்து வீட்டுக்கு நடந்து போயிருக்காங்க. அதை நிறைய இடத்துல பார்த்து எழுதி வெச்சிருக்காங்க."

"அப்ப அமுக்குங்க டாக்டர்."

"அமுக்கிட்டுத்தாம்மா இருக்கோம். ஆனா இன்னொரு விதமும் இருக்கு. முதல்ல மூச்சு அடைச்சு இதயம் நின்னு, அதுக்கப்புறம் உடம்பு குளிர்ந்திருந்தா, மூளை ஏற்கனவே போயிருக்கும். அதுக்கு மேல எவ்வளவு குளிர்ந்தாலும் பிரயோஜனமில்லை. சூடு பண்ணினா ஒருவேளை இதயம் வரும். ஆள் வர மாட்டார்."

இதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உயிரோடு ஐஸில் போட்ட மீன் நாள்கணக்கில் கண்ணாடிக் கண்ணோடு கிடக்கும். வெயிலில் கிடந்து அப்புறம் ஐஸுக்கு வந்த மீனும் அதே குளிராகத்தான் இருக்கும். செவுளைத் தூக்கி, கண்ணைப் பார்த்தால்தான் தெரியும். எத்தனை தட்டு அப்படிக் கழித்துப் போட்டிருக்கிறாள்.

"பார்த்துத் தெரியாதா டாக்டர்?"

"ரத்தத்துல பொட்டாசியம்னு ஒண்ணு பார்ப்போம். உடம்பு செத்துட்டா அது கசிஞ்சு ஏறிடும். ரொம்ப ஏறியிருந்தா நிறுத்திடுவோம். ஏறலைன்னா ரெண்டாவது யோசனை கிடையாது. மேல ஒரு மெஷின் இருக்கு, ரத்தத்தை வெளியில எடுத்து, சூடாக்கி, மூச்சும் சேர்த்து உள்ள அனுப்பும். அதுல போட்டுடுவோம். உங்க வீட்டுக்காரருக்கு நடுவுல நிக்குது. ரத்தம் பாதிதான் சொல்லுது. மீதியை நீங்க சொல்லணும்."

"நானா?"

"உங்க தம்பி ஆம்புலன்ஸ்ல சொன்னாராம், உள்ளேயிருந்து தட்டினார், அதைக் கேட்டுத்தான் திறந்தோம்னு. அது நிஜம்னா அவர் கடைசி வரைக்கும் மூச்சு விட்டுட்டு இருந்திருக்கார். குளிராலதான் நின்னிருக்கு. நான் மெஷினுக்குச் சொல்லிடுவேன். இந்த ஆஸ்பத்திரில அது ஒண்ணுதான். அதனால உங்ககிட்டயும் கேக்கறேன். நீங்களும் கூட இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"உள்ள வேற ஏதாவது வாயு, புகை, அந்த மாதிரி?"

திரைக்குக் கீழே வெள்ளை ஷூக்கள் இடம் மாறின. தம்பி அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் பழப்பை. கரடியின் கையிலிருந்த மீன் பெட்டி அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. பயந்தவன் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். கதவை உதைத்திருப்பான். அவன் அதைக் கீழேகூட வைக்கவில்லை.

"குளிர்தான் டாக்டர். வேற ஒண்ணுமில்லை."

"தட்டினாரா?"

"தட்டினார்."

டாக்டர் அவள் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, திரைக்குள் தலையை நீட்டி, "மேல சொல்லிடுங்க, கொண்டு வரோம்" என்றாள்.

*

நடுராத்திரியில் ஒரு நர்ஸ் வந்தாள். "துடிக்குதும்மா."

தம்பி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாதபடி தோள் குலுங்கியது. "நான்தான் சொன்னேன்லக்கா. நான்தான் சொன்னேன்ல." அவளுக்கும் சந்தோஷம்தான். திடீரென்று பசித்தது. மடியிலிருந்த பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றாள். அவ்வளவு இனிப்பான பழத்தை அவள் தின்றதில்லை.

மறுநாள் காலையில் மெஷின் இருந்த மாடி வராந்தாவில் பக்கத்து நாற்காலிக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே வந்திருந்தார், சட்டைப் பையில் டியூட்டிச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது.

"டீ சாப்பிடறீங்களாம்மா? ரெண்டு வாங்கிட்டேன். வீட்டுக்காரி வேணாங்கறா."

வாங்கிக்கொண்டாள். "யாருக்கு உடம்பு சரியில்லை?"

"பொண்ணுக்கு. நுரையீரல்ல சளி கட்டிடுச்சு. மூச்சு மெஷின் போட்டும் பத்தலை. இன்னொரு மெஷின் இருக்காம், ரத்தத்தை வெளியில எடுத்து விடறது. அது காலியில்லையாம்."

காகிதக் கப்பின் விளிம்பு அவள் பல்லில் நின்றது.

"யாரோ ஐஸ் ரூம்ல மாட்டினவராம், அவருக்குப் போட்டிருக்காங்க" என்றார் டிரைவர். "என்ன பண்றது. அவரும் ஒரு வீட்டு ஆள்தானே. அவங்க வீட்டுலயும் இப்படித்தான் ஒருத்தி உக்காந்திருப்பா."

"ஆமா" என்றாள்.

"நீங்க யாருக்காக?"

"வீட்டுக்காரருக்கு."

"நல்லாயிடுவார். கவலைப்படாதீங்க."

மதியம் அந்தப் பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றித் தொலைவில் இருந்த வேறொரு ஊருக்கு அனுப்பினார்கள். டிரைவர் போகும்போது அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பின்கதவு சாத்துகிற சத்தம் மாடிவரைக்கும் கேட்டது.

இதயம் சொந்தமாகவே ஓடத் தொடங்கியதும் மெஷினை எடுத்தார்கள். மூச்சு மெஷினும் அதன் குழாயும் மட்டும் இருந்தன. அவளை உள்ளே விட்டார்கள். கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை சில்லென்றுதான் இருக்கும். தூக்கத்தில் மேலே பட்டால் "கரடி, கையை எடுங்க" என்று திட்டித் தள்ளுவாள். இவ்வளவு சூடாக அதை அவள் தொட்டதே இல்லை.

கண்ணிமையை நர்ஸ் தூக்கி டார்ச் அடித்தாள். வெளிச்சத்துக்குச் சுருங்காமல் கண்மணி அப்படியே நின்றது. அவள் அதைப் பார்த்தாள். மீனின் கண்ணைப் பார்த்தே தரம் பிரிக்கிற பொம்பளை அவள், தலையைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பி தினமும் வந்தான். கம்பெனியில் அவனுக்கு வேலை தொடர்ந்தது. சூப்பர்வைசர் அவனைத் தோளில் தட்டி, "நீ இல்லைன்னா மாமா பிழைச்சிருக்க மாட்டான்டா" என்றாராம். அதைச் சொல்லும்போது அவனே அதை நம்புகிற மாதிரி இருந்தது.

"மாமா விரலு அசைஞ்சுதுக்கா, பார்த்தியா?"

"மெஷின் மூச்சு விடும்போது உடம்பு குலுங்குதுடா."

"இல்லக்கா. என் குரலைக் கேட்டுத்தான்."

நாளாக நாளாக அந்தப் பொய்க்கு உடம்பில் சதை வைத்தது. தட்டினது ரெண்டு தடவை என்றான். அப்புறம் மெதுவாக என்றான். பக்கத்து மேஜைக்காரி பார்க்க வந்தபோது, "கேட்டதும் மாமான்னு கத்திட்டே ஓடினேன்" என்றான். அவள் குறுக்கே பேசவில்லை. போர்வையைச் சரி செய்தாள்.

*

டாக்டர் தன் டியூட்டி முடிந்து மாடிக்கு வந்தாள். குடிதண்ணீர் கேன் வைத்திருந்த சின்ன அறையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். தம்பி உட்காரவில்லை, வாசலில் நின்றான்.

"ஸ்கேன் பார்த்தேம்மா. நல்லாயில்லை" என்றாள் டாக்டர். "மூளை முழுக்க வீங்கியிருக்கு. காத்து இல்லாம அடிபட்ட மூளை எப்படி இருக்குமோ அப்படி இருக்கு."

"நேத்து விரலை அசைச்சார் டாக்டர்" என்றான் தம்பி வாசலிலிருந்து.

"இருக்கட்டும்பா." டாக்டர் அக்கா பக்கமே திரும்பியிருந்தாள். "இங்கதான் எனக்கு ஒரு சிக்கல். குளிர்ல நின்னவங்களுக்கு மூளை மெதுவா எழும். அவசரப்பட்டு முடிவு கட்டாதேன்னுதான் எல்லா அனுபவமும் சொல்லுது. நீங்க சொன்ன மாதிரி அவர் தட்டியிருந்தா, இந்த ஸ்கேனை நான் முழுசா நம்பக் கூடாது. தொண்டைல ஓட்டை போட்டுக் குழாய் வெச்சு, இன்னும் காத்திருக்கணும். வாரக்கணக்கா, தேவைப்பட்டா மாசக்கணக்கா. காத்திருக்கறேன். அதுல எனக்கு வருத்தமில்லை."

"தட்டலைன்னா?"

"தட்டலைன்னா, இந்த ஸ்கேனே பதில். நாம காத்திருக்கறது அவருக்காக இருக்காது."

தண்ணீர் கேனுக்குள் ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"யாரையும் மாட்டிவிடறதுக்காக நான் கேக்கலைம்மா. நான் போலீஸ் இல்லை. அன்னிக்குக் கேட்டதையே திரும்பக் கேக்கறேன், அவ்வளவுதான்."

அவள் தம்பியைப் பார்த்தாள். இந்தத் தடவை அவன் கண்ணை எடுக்கவில்லை. தலையை மிக மெல்ல இடமும் வலமுமாக ஆட்டினான். வேண்டாம். சின்ன வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் எதையாவது உடைத்துவிட்டு அவளிடம் ஓடிவரும்போதும் இதே மாதிரித்தான் ஆட்டுவான். அவளும் ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மாசக்கணக்காக. தொண்டையில் ஓட்டை. அவர் முன்னால் தினமும் இவன் வந்து நின்று, தட்டினார், தட்டினார் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அவர் கிடந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"தட்டலை" என்றாள்.

"அக்கா."

"நீயும் கேளுடா. சத்தமே இல்லை டாக்டர். சாப்பாட்டு டப்பா அப்படியே இருந்ததைப் பார்த்து நான்தான் ஓடினேன். கரண்ட் போனதால உள்ள டிரை ஐஸ் அடுக்கியிருந்தோம். திறந்தப்ப புகை கால்ல வந்து விழுந்துச்சு."

டாக்டரின் முகத்தில் ஏதோ அணைந்தது. "டிரை ஐஸா?"

"ஆமா. அவர் கையில பெட்டி இருந்துச்சு டாக்டர். மீன் பெட்டி. கீழகூட வைக்கலை. கதவுப் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைக்கலை. மூச்சு முட்டுதுன்னு தெரியறதுக்குள்ள போயிருக்கார். அதை நான் அன்னிக்கே பார்த்தேன்."

"அக்கா, போதும்."

"இன்னும் இருக்குடா." டாக்டர் பக்கம் திரும்பினாள். "கோட்டு கொக்கியில இருந்தா உள்ள ஆள் இல்லைன்னு எங்க கணக்கு. எனக்குக் காய்ச்சல்னு அவர் கோட்டை எனக்குக் குடுத்தார். அதைக் கொண்டுபோய்க் கொக்கியில மாட்டினது நான். கதவுல நின்னவனைச் சாப்பிடக் கூப்பிட்டதும் நான். இவன் கோட்டைப் பார்த்துத்தான் சாத்தினான். யாராயிருந்தாலும் சாத்தியிருப்பாங்க."

தம்பி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் தன் கைகளைப் பார்த்தாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"நிறுத்தியிருப்பீங்க."

"மெஷின்ல போட்டிருக்க மாட்டேன். ஆமா, நிறுத்தியிருப்பேன்."

"அதனாலதான் சொல்லலை."

"என் வீட்டு ஆள் உள்ள கிடந்து, என்கிட்ட யாராவது கேட்டிருந்தா, நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது" என்றாள் டாக்டர். "ஆனா ஒண்ணு. இந்த மாதிரி ஒவ்வொருத்தரையும் வெச்சுத்தான் நாங்க அடுத்தவங்களுக்கு முடிவு எடுக்கறோம். கடைசி வரைக்கும் தட்டினார், குளிர்லதான் நின்னுது, அப்படியும் மூளை திரும்பலைன்னு நான் எழுதியிருப்பேன். நாளைக்கு நிஜமாவே குளிர்ல உறைஞ்ச ஒருத்தர் வருவார். அதைப் படிச்ச எவனாவது சீக்கிரமே கையை எடுத்துடுவான்."

இதை அவள் நினைத்தே பார்த்திருக்கவில்லை. முகம் தெரியாத இன்னொருத்தி, இன்னொரு பெஞ்சு, திரைக்குக் கீழே விலகிப் போகிற வெள்ளை ஷூக்கள்.

"அந்த டிரைவர் பொண்ணு என்ன ஆச்சு டாக்டர்?"

"எந்தப் பொண்ணு? ஓ." டாக்டர் எழுந்தாள். "தெரியலைம்மா. போற வழியில கஷ்டமாயிருந்துச்சுன்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் தகவல் இல்லை."

அந்தத் தகவல் அவளுக்குக் கடைசிவரை வரவே இல்லை.

*

மூச்சுக் குழாயைச் சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. தம்பி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"போலீஸ் வருமாக்கா?"

"வரும். நான் சொன்னதையே சொல்லுவேன். சூப்பர்வைசர் சொன்னதையும் சொல்லுவேன்."

"என்னைத்தான் கேப்பாங்க."

"ரெண்டு பேரையும் கேப்பாங்க."

"நீ சொல்லாமயே இருந்திருக்கலாம். மாமாவைத் திரும்பக் கொண்டுவந்தேன்னு கொஞ்ச நாளாவது இருந்திருப்பேன்."

"எத்தனை நாளைக்குடா?"

அவன் மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டான். அவள் அவன் முதுகில் கை வைத்தாள். அவன் உதறினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தாள். இந்தத் தடவை அவன் உதறவில்லை.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். அறைக்குக் கனமான கண்ணாடிக் கதவு, தள்ளினால் தானாகவே மெல்லச் சாத்திக்கொள்ளும். வாசலில் நர்ஸ், "ரெண்டு பேரும் போலாம்" என்றாள்.

தம்பி பின்வாங்கினான். "என்னால முடியாதுக்கா."

"உள்ள வர வேணாம்."

அவள் தோளில் கிடந்த துணியை எடுத்தாள். மாட்டுவதற்குச் சுவரில் ஒரு கொக்கி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, துணியை மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டாள்.

"இங்கயே நில்லு. நான் வெளியில வர வரைக்கும் கதவைச் சாத்த விடாதே. யார் கூப்பிட்டாலும் போகாதே."

உள்ளே போனாள். குழாயை எடுத்தார்கள். சூடான கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு நின்று, துடிப்பு நின்று, அந்தக் கை மெல்ல மெல்ல அவளுக்குப் பழகின குளிருக்கு வந்து சேர நேரமாயிற்று.

வெளியே நர்ஸ் ஒருத்தி தம்பியிடம் வந்து, கேன்டீன் சாத்தப் போகிறது, போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா என்றாள். அவன் கேட்டானோ இல்லையோ, திரும்பவில்லை. சாத்திக்கொள்ளப் பார்த்த கதவை, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, திறந்தபடியே நிறுத்தி வைத்திருந்தான்.